ஒரு நாளைக்கு அறுநூறு பேர்

"அறுநூறு பேர் வந்துட்டுப் போனா அதுல ஒருத்தராவது போன் பண்ணியிருக்க மாட்டாங்களாடா?" அக்காவின் குரல் திரைச்சீலைக் கடையைத் தாண்டி எதிரே சலவைக் கடைவரை கேட்டது. அங்கே இஸ்திரிப் பெட்டி சற்று நேரம் நகரவில்லை.

"வெப்சைட்டுக்கு வர்றவங்க பார்ப்பாங்க, போவாங்க. உடனே வாங்கிடுவாங்களா?" தம்பியும் விட்டுக்கொடுக்கவில்லை. "தினமும் அறுநூறுன்னா சும்மாவா? இந்தப் பொந்துல உட்கார்ந்துக்கிட்டு அவங்களை எப்படிச் சமாளிப்ப? வெள்ளிக்கிழமை கையெழுத்தைப் போட்டுட்டு பெரிய இடத்துக்குப் போயிடலாம்க்கா."

பெரிய இடம் என்பது புது வணிக வளாகத்தின் இரண்டாவது மாடி. அங்கே போவதென்றால் பதினாறு வருடக் கடையைக் காலி செய்ய வேண்டும். திரும்பி வர நினைத்தாலும் இடம் இருக்காது. அக்கா தயங்கியது அதற்குத்தான். போதாததற்கு, வளாகத்துத் தரகர் தம்பியை "மாப்ள" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பத்து நாள் பழக்கத்துக்கு அது கொஞ்சம் அதிகம் என்று அவளுக்குப் பட்டது. பையன் அந்த ஆளோடு சேர்ந்துகொண்டு பொய்க் கணக்குக் காட்டுகிறானோ?

"அந்தக் கணக்கை என்கிட்ட காட்டு."

"உனக்குப் புரியாதுக்கா."

"எதிர்வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்துட்டுப் போறாங்கன்னு எனக்குப் புரியுதுல்ல? அது மாதிரிதானே இதுவும்?"

தெருவுக்கே தெரிந்த உண்மை அது. தம்பி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். மொத்த எண்ணைத் தாண்டி அவன் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அக்கா நாள் வாரியாக, மணி வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை ஏன்டா இருபது, முப்பதோட நிக்குது? உலகமே வீட்ல சும்மா இருக்கிற நாளாச்சே."

"தெரியலை."

"காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிக்குது. ராத்திரி எட்டுக்கு அடங்கிடுது. நடுவுல ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் ஈ, காக்கா இல்லை. அறுநூறு பேரும் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறாங்களா?"

அது அப்படியே கடையின் நேரம்; ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அக்கா சாப்பிடப் போவாள்; மின்கசிவு பயம். அப்படியானால் கூட்டம் வெளியிலிருந்து வரவில்லை. கடைக்குள் இருந்தபடி எவனோ விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறான். எவனோ என்ன, எவன் என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

மறுநாள் துணிக்கட்டு வாங்கிவரச் சொல்லித் தம்பியை வெளியே அனுப்பினாள். மடிக்கணினியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் தெரு முனையைத் தாண்டியபிறகும் எண் நிமிடத்துக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தது. கடையில் அவளைத் தவிர யாருமில்லை. ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், முன்பக்கக் கண்ணாடியருகே தொங்கிய பச்சைத் திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிவதைக் கண்டாள். விலக்கினாள்.

உள்ளே ஒரு டிவி. போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று தம்பி என்றைக்கோ வைத்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கடையின் இணையதளத்தைத் தானாகவே புதிதாகத் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் வந்ததாகக் கணக்கில் ஏறியது.

தம்பி திரும்பி வந்ததும் அதைக் காட்டினாள். அவன் முகம் தொங்கிப்போனது.

"இது எப்பவோ ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நினைச்சேன்க்கா. இதுமேல யாரு திரையை மாட்டினது?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. கண் கூசுகிறதென்று ஆறு மாதத்துக்கு முன் அதை மாட்டியது அவள்தான். சலவைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

டிவியின் வயரைப் பிடுங்கினார்கள். அடுத்த நாள் எண் இருபத்தாறு. தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அக்காவோ இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருபத்தாறு பேரும் நிஜ மனுஷங்க. எங்க நின்னாங்க, எங்க திரும்பினாங்க, அதைச் சொல்லு."

அவர்களில் பதினெட்டுப் பேர் 'ஜன்னலை அளப்பது எப்படி' என்ற பக்கத்தில் நாலு நிமிடம் நின்று, அங்கிருந்தே வெளியேறியிருந்தார்கள்.

"அளக்கத் தெரியாம முழிச்சிட்டுப் போயிருக்காங்கடா, பாவம். அந்தப் பக்கத்துல நம்ம நம்பரைப் போட்டு, நாங்களே வந்து அளக்கிறோம்னு எழுது."

வெள்ளிக்கிழமை தரகர் பேனாவோடு வந்தார். அக்கா தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். சனிக்கிழமை மூன்று போன் வந்தது.

அளக்கப் போகிற வேலை தம்பியின் தலையில் விழுந்தது. ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் வட்ட ஜன்னல் ஒன்று. அதை அளக்க அவன் நாலு தடவை போய்வந்தான். அக்கா நாலையும் எண்ணி வைத்திருந்தாள். அடுத்த வருடம் அந்த டாக்டரம்மாவையே கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குக் குடிபோனான். தரகர் வளாகத்து இடத்தை மெத்தைக் கடைக்காரருக்குத் தள்ளிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த பரிசுகளில் அந்தப் பச்சைத் திரையும் ஒன்று. கடையில் அது இனி இருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.