ஸ்டேஷன் படத்துக்கு எத்தனை மார்க்

அக்கா இரண்டு பைகளோடு வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டபோது "சும்மாதான்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அடிதடி எதுவும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கும் கேட்க வரவில்லை. அக்காவிடம் எதையாவது தொடங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எங்கள் இருவருக்கும் பிடித்த சினிமா இயக்குநர்தான்.

அவர் எடுத்தது ஒன்பது படம். பள்ளி நாட்களில் ஒன்பதையும் பார்த்து மார்க் போட்டிருந்தோம். படம் முடிந்ததும் பேசக் கூடாது. ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பத்துக்கு எத்தனை என்று எழுதி மடித்துவைத்து, ஒன்றாகப் பிரிக்க வேண்டும். விதி என்னுடையது. பேச விட்டால் அக்கா என்னைத் தன் பக்கம் இழுத்துவிடுவாள். மார்க்கெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் இருந்தது. படங்களுக்கு நாங்கள் வைத்த பெயர்தான்: நாய்க்குட்டி படம், டாக்டர் படம், ஸ்டேஷன் படம்.

நோட்டைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"போட்டுத் தொலை" என்றாள்.

நாய்க்குட்டி படத்துக்கு நான் ஒரு காலத்தில் பத்து போட்டிருந்தேன். இப்போது நாய் வராத இடமெல்லாம் கொட்டாவி வந்தது. ஐந்து. டாக்டர் படத்தில் மகனைத் திட்டிக்கொண்டே இருக்கும் அப்பாவை அன்று வில்லன் என்று நினைத்திருந்தோம். இம்முறை அவர் சொன்னது அத்தனையும் நியாயமாகப் பட்டது.

"அந்தப் பிள்ளை ஒரு நாளாவது தன் தட்டைக் கழுவினானாடி?" என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை சோதிப்போம். எண் மாறினால் பழையதை அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டிலும் அப்படியே செய்தோம். பத்தின் மேல் கோடு, பக்கத்தில் ஐந்து.

எட்டாவது படம் பார்த்த வாரம் அக்கா வீட்டுக்காரர் அம்மாவுக்கு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அக்காவிடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளையே இறங்கி வருகிறாரே என்று அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா "வரட்டும்" என்றாள். அன்று மாலையே இரண்டு பைகளும் அலமாரியிலிருந்து கட்டிலுக்கு வந்துவிட்டன. வந்தபோது எதுவும் சொல்லாதவள், எதுவும் கேட்காமலே போய்விடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மிச்சமிருந்தது ஸ்டேஷன் படம். கோபித்துக்கொண்டு போன கணவன் ஏழு வருடம் கழித்து ரயிலிலிருந்து இறங்குகிறான். ஒன்றும் பேசவில்லை. மனைவியும் ஒன்றும் கேட்காமல் அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். அதுதான் முடிவு. பதினெட்டு வயதில் அக்கா அதற்குத் தேம்பித் தேம்பி அழுது பத்து போட்டாள். நான், ரயில் நன்றாக இருந்தது என்று மூன்று போட்டேன். பிற்பாடு அவளுக்கு வரன் வந்தபோது, பையன் அதிகம் பேசமாட்டாராம் என்று அம்மா குறையாகச் சொன்னதை அவள் நிறையாக எடுத்துக்கொண்டாள்.

அந்தப் படத்தை இந்த வாரம் அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை புதுப் பக்கத்தில் பட்டியலை எழுதி, முடிந்துவிட்டது என்று நீட்டினேன். அக்கா விரல் வைத்து எண்ணினாள்.

"எட்டுதானே இருக்கு?"

"ஒண்ணு கிடைக்கல."

"பால்ல மட்டும்தான் கலப்படம் பார்ப்பியா நீ?"

எனக்குக் காது சுட்டது. படத்தைப் போட்டேன்.

கடைசிக் காட்சியில் அக்கா அழவில்லை. நான் அழுதேன். காகிதங்களைப் பிரித்தோம். என்னுடையதில் ஒன்பது, அவளுடையதில் நாலு.

அக்கா அந்த நாலின் மேல் விரலை வைத்தாள்.

"படத்துல ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தா அழகாத்தான் இருக்கும். வீட்ல ரெண்டு வருஷம் இருந்து பாரு. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூட வாயத் தொறக்க மாட்டார். நான் செவுத்தோட பேசிக்கிட்டு இருந்தேன்டி."

பிறகு என் காகிதத்தைக் காட்டிக் கேட்டாள். "நீ எதுக்கு ஒன்பது?"

"அந்தப் பையை அவ சும்மா வாங்கலக்கா. வாங்கினதும் லேசாத் தூக்கிப் பார்க்கறா. கனமா இருக்கான்னு. தங்க வந்திருக்கானா இல்லையான்னு."

அக்கா அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். மூன்று முறை பார்த்தாள். பிறகு நோட்டை வாங்கினாள். பழைய பத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் நாலு. நாலின் மேலும் ஒரு கோடு. ஆறு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"அவ கையால கேட்டிருக்கா. எனக்கு வாய் இருக்கு" என்றாள்.

மறுநாள் அக்கா வீட்டுக்காரர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்திருந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கதவருகே இருந்த பைகளில் ஒன்றைத் தூக்கினார்.

"அதை வச்சிட்டு உக்காருங்க" என்றாள் அக்கா. "முதல்ல பேசுங்க. நான் கேக்கறேன்."

அம்மா பதறி முன்னால் போகப் பார்த்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டேன். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாதிப் படம் ஓடியிருக்கும் போலத் தோன்றியது.

"எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல" என்றார்.

"எங்க வேணா ஆரம்பிங்க. உப்புல இருந்து ஆரம்பிங்க."

மறுபடி மின்விசிறி. பிறகு அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. தாழ்ந்த குரலில், விட்டு விட்டு, அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா காபியை இரண்டு முறை சுடவைத்தாள். இரண்டு முறையும் நான்தான் கொண்டுபோக விடவில்லை.

அன்று அவர் தனியாகத்தான் திரும்பினார். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னார்.