வறுவல் கூடை

ஐம்பது முட்டைகளும் ஒரே நேரத்தில் சுவரேறியபோதுதான், இது சாதாரணக் காற்றில்லை என்று சமையல்காரருக்கு உறைத்தது.

அடுத்த கணம் கப்பல் மறுபக்கம் சாய்ந்தது. அடுப்பைச் சுற்றியிருந்த கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். தட்டுகள் நழுவாமலிருக்கச் சாப்பாட்டு மேசையில் காலையிலேயே ஈரத்துணி விரித்திருந்தார். இப்போது துணி மட்டும் இருந்தது. தட்டுகளைக் காணோம்.

கப்பலின் வயிற்றில் ஆறாயிரம் கழிப்பறைப் பீங்கான்கள். "மூழ்கினா மீனுங்களுக்கு யோகம்தான்" என்று நேற்றுவரை ஆளாளுக்குச் சிரித்தார்கள். இன்று பகல் இரண்டு மணிக்கு அந்தக் கேலி ஒருவர் வாயிலும் இல்லை. இரண்டு ஐந்துக்கு இன்ஜின் நின்றது.

புருஷனின் குறட்டை நின்றதும் பெண்டாட்டி விழித்துக்கொள்வதுபோல, கப்பலிலிருந்த பதினெட்டுப் பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். இன்ஜின் ஓடாத கப்பல் அலைக்கு முகத்தைக் காட்ட முடியாது, விலாவைத்தான் காட்டும். விலாவில் எத்தனை அடி தாங்கும்?

கதவை இடித்துக்கொண்டு இன்ஜினியர் வந்து விழுந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு எண்ணெய். சமையல்காரர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கேப்டன் முன்னால் "சூப்புல உப்பு கூட" என்று இவர் சொன்ன நாளிலிருந்து, மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சில்லை.

"மாப்ள, சுடுதண்ணி வேணும். ரெண்டு பக்கெட்."

"என்னாச்சு மச்சான்?" ரோஷம் மறந்தே போனது.

"இந்த ஆட்டத்துல டேங்க் அடியில கெடந்த சகதியெல்லாம் கலங்கி மேல வந்துடுச்சு. எண்ணெய வடிகட்ட ரெண்டு கூடை. ஒண்ணு அடைச்சா இன்னொண்ணுக்கு மாத்திட்டு, இதக் கழுவணும். கழுவுற நேரம் பார்த்து ஸ்பேனர் பெட்டி மேல விழுந்து, ஒரு கூடை தகடாயிடுச்சு. ஒத்தக் கூடைய வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டலாம், பத்து நிமிஷம் நிக்கணும்."

"ஸ்பேர் இருக்குமே?"

"இருக்குன்னு மாசாமாசம் நான்தான் கையெழுத்துப் போடுறேன். இன்னிக்குப் பெட்டியத் தொறந்தா உள்ள காத்துதான் இருக்கு. எடுத்தவன் மட்டும் கையில கெடைச்சான், அவன் தோல உரிச்சு வடிகட்டி தெச்சுருவேன்."

சமையல்காரரின் கண் தானாக அடுப்புக்கு மேலே போனது. கொக்கியில் எஃகு வலைக்கூடை ஒன்று ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் கிழங்கு வறுக்கும் அரிகரண்டி உடைந்தது. ஒரே ஒரு நாளைக்கு என்றுதான் இன்ஜின் ஸ்டோரிலிருந்து இந்தக் கூடையை எடுத்தார். அன்றைக்கு வறுவல் அப்படியொரு மொறுமொறுப்பு. மூன்று தட்டு வாங்கி முடித்துவிட்டு, "மாப்ள, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றவர் இதே மச்சான்தான். அப்புறம் திருப்பி வைக்க மனம் வருமா?

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மானத்தோடு மூழ்கலாம்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க மச்சான்." கூடையைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினார்.

இன்ஜினியர் அதைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். வலையில் ஒட்டியிருந்த கிழங்குத் துண்டை நகத்தால் சுரண்டினார்.

"இந்தக் கைப்பிடி?"

"நான் கட்டின கம்பி. வெட்டிரலாம்."

"மாப்ள..."

"அப்புறம்னு சொன்னேன்ல."

இருவரும் இரும்புப் படிகளில் பாதி நடந்தும் பாதி வழுக்கியும் இன்ஜின் அறைக்கு இறங்கினார்கள். கைப்பிடியை இன்ஜினியர் குறட்டால் நறுக்கினார். சமையல்காரர் தரையில் உட்கார்ந்து, சுடுதண்ணி வாளியைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு, ஆறு மாதக் கிழங்குப் பிசுக்கைத் தேய்த்தார். ஸ்பீக்கரில் கேப்டன் குரல் வந்தது: "கீழ என்னப்பா நடக்குது? பெரிய அலை ஒண்ணு வருது. இன்ஜின் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"குடுக்குறோம் சார்," என்று இன்ஜினியர் கூடையை உள்ளே இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியை முறுக்கி, இன்ஜினைக் கிளப்பும் காற்றைத் திறந்தார்.

ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு அந்த அருமையான குறட்டை.

கப்பல் முனகிக்கொண்டே திரும்பியது. பெரிய அலை வந்தபோது அதற்குக் கிடைத்தது விலா இல்லை, மூக்கு. கப்பல் அதில் ஏறி, மறுபுறம் தொபுக்கென்று விழுந்து, தொடர்ந்து ஓடியது.

அடுத்த நான்கு மணி நேரம், ஒரு கூடை அடைக்க மறு கூடை ஓடியது. இன்ஜினியர் மாற்ற, சமையல்காரர் கழுவினார்.

"கழுவுறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல மாப்ள."

"மாசாமாசம் தொறந்து பாக்காம கையெழுத்துப் போடுறதுல உங்களையும்தான்."

தோல் உரிக்கும் யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

பொழுது சாயும்போது காற்று ஓய்ந்தது. மிச்சமிருந்த தட்டுகளில் சாப்பாடு வந்தது. கேப்டன் ஒரு வறுவலைக் கடித்தார். மெல்வதை நிறுத்தினார்.

"ஸ்பேர் எங்க இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதணும் இன்ஜினியர்."

"கைக்கெட்டுற தூரத்துலதான் சார் இருந்துச்சு."

"ஓஹோ." இன்னொரு வறுவலைத் தூக்கிப் பிடித்தார். அது துவண்டு தொங்கியது. "ஆறு மாசமா நல்லாத்தானே இருந்துச்சு. இன்னிக்கு மட்டும் ஏன் இப்படி நமுத்துக் கெடக்கு?"

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரப் பகை அந்தப் பார்வையில் கரைந்தது.

"சூப்புல உப்பு சரியா இருக்கு சார்," என்றார் இன்ஜினியர் அவசரமாக. "ரெண்டு கரண்டி ஊத்திக்குங்க."