சுந்தரம்மாள் தேர்ந்தெடுத்த மிஷின்

அகரத்தில் நல்லுசாமி எதை வாங்கினாலும் தெருவிலேயே பெரிதாகத்தான் வாங்குவார். ரேடியோ வாங்கினார், இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அண்டா வாங்கினார், அது சமையல்கட்டு வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றது. அவரைச் சேர்ந்தவற்றில் சிறியது என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய மனைவி சுந்தரம்மாள்தான். அவர் நெஞ்சு உயரத்துக்குக்கூட வரமாட்டாள். அவளைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை, அவருடைய அம்மா.

அந்த வீட்டில் ஒரு டிராக்டரும் எட்டு மாடுகளும் இருந்தன. டிராக்டரை ஓட்டுகிறவர் நல்லுசாமி, கழுவுகிறவள் சுந்தரம்மாள். நெல் வயலில் சேறு கலக்கித் தொளி உழுதுவிட்டு அது வீடு திரும்பும்போது வயலில் பாதி அதன் சக்கரத்தோடு வந்திருக்கும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, அடியில் படுத்து நகத்தால் சுரண்டி அவள் எழுந்திருப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அதற்குப் பிறகு மாட்டுத் தொழுவம் காத்திருக்கும். தெருவில் டிராக்டர் பளபளவென்று போகிறபோது நல்லுசாமியின் மீசையும் சேர்ந்து பளபளக்கும். யார் இடுப்பு ஒடிந்தது என்று மீசைக்கு எங்கே தெரியும்?

சித்திரை மாதம் திண்டுக்கல் போன இடத்தில், லாரிகளைக் கழுவும் வாட்டர் சர்வீஸ் கொட்டகை ஒன்றைச் சுந்தரம்மாள் பார்த்தாள். ஒருத்தன் கையில் துப்பாக்கி மாதிரி எதையோ பிடித்துக்கொண்டு நின்றான். அதன் முனையிலிருந்து தண்ணீர் கம்பி போலப் பாய்ந்தது. லாரியின் சக்கரத்தில் இறுகிக் கிடந்த சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அவள் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். நல்லுசாமி சிரித்தார். புரட்டாசி வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். கடைசியில் ஒரு நாள் அவள், "சுத்துப்பட்டுல ஒரு வீட்டுலயும் இந்த மிஷினு இல்லையாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெஞ்சனத்தைத் தாளிக்கப் போய்விட்டாள். மறுநாளே நல்லுசாமி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "கெளம்பு, திண்டுக்கல்லுக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

மரியசெல்வத்தின் மோட்டார் கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று கன்றுக்குட்டி அளவு, லாரி கொட்டகைகளுக்குப் போவது. இன்னொன்று நாலு சிறு சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நல்லுசாமி பெரியதன் முதுகில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இது எம்புட்டு வேகத்துல அடிக்கும்?"

"பெயிண்டையே உரிச்சிரும்ணே" என்றார் மரியசெல்வம்.

"அப்ப இதுதான்."

சுந்தரம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "பெயிண்ட உரிக்கவா வாங்க வந்தோம்?" என்று கேட்டாள். பிறகு மரியசெல்வத்திடம், "ஓட விடுங்கண்ணே, நான் பிடிச்சுப் பாக்குறேன்" என்றாள். பெரிய மிஷினின் துப்பாக்கி விசையை அமுக்கியதும் அவள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள். சின்னதை அமுக்கினாள். கை அதிர்ந்தது, ஆனாலும் முனை அவள் சொன்ன பக்கம் திரும்பியது.

அவள் அத்தோடு விடவில்லை. பெரியது எந்தக் கரண்டில் ஓடும் என்று கேட்டாள். மூன்று பேஸ் வேண்டும் என்றார் மரியசெல்வம். தோட்டத்துக்கே அந்தக் கரண்டு வேளைகெட்ட வேளையில்தான் வருகிறது, வீட்டு லைனில் ஓடுவது எது என்றாள். சின்னது. ஒரு டிரம் தண்ணீரைப் பெரியது எவ்வளவு நேரத்தில் குடிக்கும் என்றாள். நீங்கள் அடுத்த டிரம்முக்கு ஓடுவதற்குள் குடித்துவிடும் என்று மரியசெல்வம் சிரித்தார். வீட்டுக் கிணறு ஐப்பசி மழையை நம்பிக் கிடக்கிற கிணறு. வாசரும் பெல்ட்டும் தேய்ந்தால் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டாள். சின்னதுக்கு எல்லாமே தன் கடையில் இருக்கிறது, பெரியதுக்குக் கோயம்புத்தூருக்கு எழுதிப் போட வேண்டும் என்றார். சுந்தரம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் இன்னமும் பெரியதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, உம் பேச்சுக்கே வாரேன்" என்றார் நல்லுசாமி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஆனா சரிப்படலேன்னா மாத்திப் பெருசு எடுப்பேன். அதுக்கப்புறம் வீட்டுக்குச் சாமான் வாங்குற விசயத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது."

ஆயுத பூசைக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாக மரியசெல்வம் ஒப்புக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடச் சுந்தரம்மாள் சொல்லி வாங்கியதில்லை. இதுதான் முதல். அதுவும் இப்படிக் கயிற்றில் நடக்கிற கதையாக வாய்த்தது.

பிறகு மிஷினைப் பராமரிக்கும் விதத்தை மரியசெல்வம் சொன்னார். எண்ணெய்க் கண்ணாடியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் வாசர் கருகிவிடும். மோட்டாரை நிறுத்திய பிறகு துப்பாக்கியை ஒரு தடவை அமுக்கி உள்ளே நிற்கிற அழுத்தத்தை வெளியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஓஸ் குழாயைத் துப்பாக்கியில் மாட்டுவதற்கு முன்னால், வெறும் ஓஸில் செத்த நேரம் தண்ணீர் ஓட விட்டு உள்ளே இருக்கிற தூசியைக் கழுவுங்கள். சுந்தரம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டாள். நல்லுசாமி அதற்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ மாலைக்குப் பேரம் பேசப் போயிருந்தார். மிஷின் சின்னதாக இருந்தால் என்ன, வரவேற்பைப் பெரிதாக வைத்துவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அப்படியேதான் வைத்தார். மறுநாள் காலை தெருவே அவர் வாசலில் நின்றது. நடுவில் மிஷின், கழுத்தில் கதம்ப மாலை. உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த டிரம். அதன் அருகே ஓஸைச் சுருட்டி, திறந்த முனை மேலே பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். நல்லுசாமி தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார். பிறகு தாம்பாளத்திலிருந்து மஞ்சள் அரிசியை இரண்டு கையாலும் அள்ளினார். மணமக்கள் தலையில்கூட மூன்று விரலால் கிள்ளித்தான் போடுவார்கள். நம் ஆளுக்குச் சிறிதாக எதையும் செய்ய வராதே. மிஷின் மேல், ஓஸ் மேல், டிரம் மேல் என்று அட்சதை மழையாகப் பொழிந்தது.

டிராக்டர் முந்தாநாள் உழுத தொளிச் சேற்றோடு பக்கத்தில் நின்றது. நல்லுசாமி ஓஸின் முனையை எடுத்துத் துப்பாக்கியில் திருகினார்.

"மாட்டுறதுக்கு முன்ன தண்ணிய வெறுமனே ஓட விடணும்னு கடைக்காரரு சொன்னாருங்க" என்றாள் சுந்தரம்மாள் மெதுவாக.

"ஊரு பாத்துக்கிட்டு நிக்கிது, இப்பப் போயி வாய்க்கா வெட்டச் சொல்றியா?" என்றார் அவர். சுவிட்சைப் போட்டார்.

மிஷின் உறுமியது. துப்பாக்கியைத் தூக்கி, கால்களை அகட்டி, நல்லுசாமி விசையை அமுக்கினார். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு பாய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். பிறகு முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பெல்ட் கீச்சென்று கத்தியது.

நல்லுசாமியின் பங்காளி கமலக்கண்ணன் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றிருந்தான். அவனிடமும் டிராக்டர் உண்டு. ஆகவே அவன் சிரிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. "அண்ணே, வாசத் தெளிக்கிறதுக்கா இம்புட்டுப் பெரிய பூச?" என்றான். "அதுக்கு மதினி கையில இருக்குற சொம்பே போதுமே!"

தெரு சிரித்தது. நல்லுசாமியின் முகம் குங்கும நிறத்துக்குப் போனது. அவர் துப்பாக்கியைக் கீழே போட்டார். "பொம்பள பேச்சக் கேட்டா இப்பிடித்தான். டிரெய்லர்ல ஏத்துங்கப்பா. இன்னிக்கே போயி மாத்திட்டுப் பெருச எடுத்துட்டு வாரேன்" என்றார். இரண்டு பேர் மிஷினைத் தூக்கக் குனிந்தார்கள்.

 அழுகை வரும் என்று சுந்தரம்மாளே எதிர்பார்த்தாள். வந்தது கோபம். "யாரும் தொடாதீங்க" என்றாள். அவள் குரல் அந்தத் தெருவில் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

அவள் மிஷினைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்த்தாள். துப்பாக்கியில் போகாத தண்ணீர் முழுவதும் பக்கக் குழாய் வழியாகத் திரும்பி டிரம்முக்குள்ளேயே குபுகுபுவென்று பாய்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் மிஷின் நன்றாகத்தான் தள்ளுகிறது, வாய்தான் அடைத்திருக்கிறது. இது அவளுக்குப் புதிய சங்கதி இல்லை. சமையல்கட்டில் இருக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இப்படித்தான் செய்யும். துளை அடைத்துக்கொண்டால் காற்றை எவ்வளவு அடித்தாலும் எரியாது, திணறும். தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்.

மோட்டாரை நிறுத்தினாள். விசையை அமுக்கி அழுத்தத்தை இறக்கினாள். உள்ளே போய் ஸ்டவ் பின்னை எடுத்து வந்தாள். துப்பாக்கியின் முனையைத் திருகிக் கழற்றி, வெளிப்பக்கத்துத் துளை வழியாகப் பின்னை விட்டு உள்பக்கம் தள்ளினாள். உள்ளங்கையில் ஏதோ விழுந்தது.

மஞ்சள் அரிசி. தண்ணீரில் நனைந்த ஒரு முழு அரிசி, கூடவே ஒரு குறுணை.

அது எப்படி உள்ளே போனது என்று அவளுக்கு விளங்க ஒரு நொடிதான் ஆனது. மேலே பார்த்து நின்ற ஓஸ் முனை, இரண்டு கை நிறைய அட்சதை, தண்ணீரை ஓட விடாமல் துப்பாக்கியை மாட்டிய அவசரம். கையை விரித்துக் காட்டினால் போதும். சிரித்த தெரு அவர் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கும். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் ஊர் முன்னால் கன்றிப்போய் நின்ற அந்த முகத்தைப் பார்த்தாள். தன் மிஷின் நல்ல மிஷின். அதை நிரூபிக்க அவரைக் குட்டையாக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள். கையை மூடிக்கொண்டாள்.

"குப்பை அடச்சிருந்துச்சு" என்றாள். வெறும் ஓஸில் தண்ணீரை ஓட விட்டாள். இன்னும் நாலைந்து அரிசி மண்ணில் போய் விழுந்ததை மிதித்து மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு துப்பாக்கியை மாட்டித் தானே தோளோடு அணைத்துப் பிடித்தாள்.

அமுக்கினாள்.

தண்ணீர் சீறிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தில் மோதியது. காய்ந்த சேறு கையகலம் கையகலமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. அவள் முனையைச் சக்கரத்தின் பள்ளங்களுக்குள் ஓட்டினாள். இத்தனை வருடமாக நகத்தால் சுரண்டிய இண்டு இடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தேடிப் போய் அடித்தாள். சிவப்புப் பெயிண்ட் வெளியே வந்தது, ஒரு பொட்டுக்கூட உரியவில்லை. முன்னால் நின்றவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். ஒரு டிரம் தண்ணீர் தீர்வதற்குள் டிராக்டர் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல் நின்றது. சுந்தரம்மாள் தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். நிமிர்ந்து நின்றாள். தன்னை இவ்வளவு உயரமானவளாக அவள் என்றைக்கும் நினைத்ததில்லை.

கமலக்கண்ணன் மட்டும் விடவில்லை. "நல்ல மிஷினுதான் மதினி. ஆனா நேத்து வந்த புது மிஷின்ல எப்பிடிக் குப்பை வந்துச்சு? கடைக்காரன் பழசத் தலையில கட்டிப்புட்டானோ?"

சுந்தரம்மாள் வாயைத் திறப்பதற்குள் நல்லுசாமி முன்னால் வந்தார். அவள் காலடியைப் பார்த்தார். கழுவின தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடியதில் அரிசி மஞ்சளாகத் தெரிந்தது.  மீசையை ஒரு தடவை தடவினார்.

"குப்பையும் இல்ல, கூளமும் இல்லடா. நான் போட்ட அட்சதை" என்றார். தெருக்கோடி வரை கேட்கும்படிதான் சொன்னார். அவருக்குத்தான் சிறிதாகப் பேசவும் வராதே. "மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணிய ஓட விடுன்னு அவ சொன்னா. நான்தான் கேக்கல. தப்பு எம் பேருல."

யாரும் சிரிக்கவில்லை. நல்லுசாமி தப்பு என்று சொல்லி அந்தத் தெரு கேட்டதே இல்லை, எப்படிச் சிரிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.  மிஷின் ஓடியபோது சுந்தரம்மாளுக்கு வந்த பெருமை ஒரு மாதிரி என்றால், இது வேறு மாதிரி. தன் புருஷன் பெரிய ஆள்தான் என்று அன்றைக்குத்தான் அவள் முழு மனதாக நினைத்தாள்.

கமலக்கண்ணன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, அப்ப ஆயுத பூசைக்கு என் வண்டியையும் இதுல ஒரு தடவ அடிச்சிரலாமா?"

"ஏலே, எங்கிட்ட ஏன் கேக்குற?" என்றார் நல்லுசாமி. "மிஷினு அவளுது. அவளக் கேளு."

கமலக்கண்ணன் திரும்பினான். சுந்தரம்மாள் மோட்டாரை நிறுத்தி, விசையை அமுக்கி, உள்ளே இருந்த அழுத்தத்தை வெளியே விட்டாள். எண்ணெய்க் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். அதுவரைக்கும் அவன் நின்றான், தெருவும் அவனோடு நின்றது.

"கொண்டாங்க கொழுந்தனாரே" என்றாள். "துப்பாக்கிய மட்டும் நான்தான் பிடிப்பேன்."