பார்வையாளர் பெஞ்சில் அப்பா

அத்தை சாட்சிக் கூண்டில் ஏறியதும் கட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமா போன பிறகு அவள் தனியாக இருக்கும் வீட்டை, மாமா தனக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாக அவர் தம்பி வழக்குப் போட்டிருந்தார். தோற்றால் அத்தை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவளுக்காக வாதாடுவது நான், அண்ணன் மகள், தொழிலுக்குப் புதுசு.

உண்மையில் வாதாட வேண்டியவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் அப்பா. இதே கூடத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்புச் சொன்ன இடத்தில் ஓய்வுக்குப் பிறகு வக்கீலாக நிற்கக் கூடாது என்பது விதி. சரி, நிற்க வேண்டாம், வீட்டிலாவது நாலு வார்த்தை சொல்லித் தரலாமே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன்.

"வாயைத்தானேப்பா கட்டியிருக்காங்க? மூளையைக் கட்டலையே."

"நான் சொல்லிக் குடுத்து நீ பேசினா, பேசறது நீ இல்லம்மா, நான்தான்."

அதோடு சரி. கூடப் பிறந்தவளை விட விதி பெரிதா என்று அம்மா சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தார்.

இப்போது கூடத்தில் மேலே உட்கார்ந்திருக்கும் பெண் நீதிபதி, ஒரு காலத்தில் அப்பா முன்னால் வாதாடியவர். கடைசி பெஞ்சுப் பக்கமே பார்க்காமல் பேனாவைத் திறந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கெங்கோ சுற்றி வளைத்து வந்து, கடைசியில் குரலை உயர்த்தினார்.

"புள்ளைகுட்டி இல்லாத உங்களுக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய வீடு?"

அத்தையின் முகம் செத்துவிட்டது. நான் எழுந்திருக்க வேண்டும். எனக்கோ நாக்கு எழவில்லை.

"அந்தக் கேள்வியை அனுமதிக்க முடியாது."

குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. வக்கீல் "சரிங்கய்யா" என்று தலையைக் குனிந்தேவிட்டார். அதுவரை நீதிபதியை அம்மா, அம்மா என்று அழைத்துப் பேசிக்கொண்டிருந்தவர். அதைவிட வேடிக்கை, நீதிபதி அம்மாவே நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேள்வி ஒழிந்தது, அத்தை பிழைத்தாள் என்று எனக்குள் ஒரே துள்ளல்.

அப்பா எழுந்து கைகூப்பினார். முகம் வெளிறியிருந்தது.

"மன்னிக்கணும். பழக்க தோஷத்துல வந்துடுச்சு. நான் இங்க வெறும் பார்வையாளர், நான் சொன்னது செல்லாது. வக்கீல் அதே கேள்வியைத் திரும்பக் கேக்கலாம்."

தங்கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு யாரும் சொல்லாமலே வெளியே நடந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோபமும் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வீட்டில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற மனிதரா இவர் என்று மலைத்துப்போய் நின்றேன்.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆட்சேபிக்கிறேன்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"காரணம் சொல்லுங்க," என்றார் நீதிபதி அம்மா.

கண் தானாக வாசலுக்குப் போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு புருவ அசைவு போதும், நான் பிடித்துக்கொள்வேன். அது அவருக்கும் தெரியும். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக்கொண்டார். கண்ணாடி முழுக்க அவருடைய முதுகு மட்டும், வியர்வையில் சட்டை ஒட்டியபடி.