வண்டிக்கு அடியில் வைக்கும் நெருப்பு

டிராக்டருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். தகரத் தட்டைக் காணவில்லை. ஆயில் சேம்பர் சில்லிட்டுக் கிடந்தது.

குவைத் என்றால் வெயில் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். இங்கே அப்தலித் தோட்டங்களில் ஜனவரி விடியலில் தக்காளிச் செடிமேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் வண்டி பழசு. ஹீட்டர் செத்துப் பல வருடம். அதனால் படுக்கப் போகுமுன் ஒரு தட்டில் கரிக்கங்கு அள்ளி, மேலே சாம்பல் தூவி, சேம்பருக்கு அடியில் தள்ளிவிடுவோம். விடியும்போது ஆயில் இளகியிருக்கும். ஒரே செல்ஃபில் எடுத்துவிடும். தட்டு வைப்பது எங்களில் இளையவன் கௌரிசங்கரின் வேலை.

நேற்றுக் கரியை விசிறிக்கொண்டே கேட்டான். “ஏண்ணே, இரும்புக்குக் கணப்பு, நமக்குக் கெடையாதா?”

“இது நின்னா மொதலாளி கபீல் கேப்பாரு. நீ நின்னா எவன்டா கேப்பான்?”

சிரித்தான். நானும் டிரைவர் மூசா பாயும் விடும் குறட்டைக்குப் பயந்து உரக் கொட்டடியில் தனியாகப் படுப்பவன் அவன்.

தட்டு வைக்க மறந்து தூங்கிவிட்டான் என்று திட்டிக்கொண்டே கொட்டடிக்குப் போனேன். கதவிடுக்கில் உள்ளேயிருந்து சாக்கு அடைத்திருந்தது. முட்டித் தள்ளினேன். உள்ளே வெதுவெதுப்பு. அந்தச் சூடு முகத்தில் பட்டதும் கட்டிலுக்கு ஓடினேன். தட்டு அவன் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அடைத்த அறையில் கரிக்கங்கு விஷம்.

பாயைக் கூவி அழைத்து, இருவருமாக அவனை வெளியே இழுத்துப் போட்டோம். நல்ல தூக்கத்தில் இருப்பவன் போலத்தான் இருந்தான். உலுக்கினால் தலை மட்டும் ஆடியது. மூக்கருகே விரல் வைத்தால் இழை மாதிரி ஒரு மூச்சு.

மூசா பாய் போனை இறக்கினார். “மழையில பாதை சேறாக் கெடக்காம், ஆம்புலன்ஸ் உள்ள வராதாம். தார் ரோட்டுக்குக் கொண்டாங்கங்குறான்.”

பிக்கப்பை கபீல் எடுத்துப் போயிருந்தார். டிராக்டர்தான். பாய் செல்ஃப் அடித்தார். ஒரு முனகல், அவ்வளவுதான்.

“பேட்டரியக் கொன்னுராதீக பாய்!”

கெட்டில் வெந்நீரை டீசல் குழாயில் ஊற்றினேன். கொட்டடிக்கு ஓடி அந்தத் தட்டையே எடுத்துவந்து, புதுக் கரி போட்டு, சேம்பருக்கு அடியில் தள்ளினேன். மண்ணில் குப்புறப் படுத்து ஊதினேன். ஊதினால் அவனைப் பார்க்க முடியவில்லை. எழுந்து அவனைப் பார்த்தால் கங்கு சாம்பல் பூத்தது.

“எம்புட்டு நேரம்டா கார்மேகம்?”

“இளகணும் பாய்.”

“அதுவரைக்கும் அவன் தாங்கணுமேடா.”

இன்னும் வேகமாக ஊதினேன். கண்ணில் சாம்பல். கிழக்கே வெளுத்தது. பாய் ஏதோ ஓதிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முனகியது, இருமியது, நின்றது. இன்னொரு முறை. குபீரென்று வெள்ளைப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது.

பின்னால் மாட்டியிருந்த டிரெய்லரில் அவனை ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். குளிரில் என் மூச்சு ஆவியாகப் போனது.

“மூச்சு ஓடுதாடா?” முன்னாலிருந்து பாய் கத்தினார்.

“நீங்க ஓட்டுங்க பாய்!”

இஞ்சின் புகை எங்கள்மேலேயே மடிந்து விழுந்தது. அவன் வாயைச் சுற்றி இரு கைகளையும் குவித்து மறைத்தேன். கைக்குழிக்குள் வெள்ளையாக ஏதோ எழும்பியது. அவன் மூச்சின் ஆவியா, வண்டிப் புகையா என்று குனிவதற்குள் வண்டி சேற்றில் குலுங்கிப் புகை வந்து மூடியது. அது விலகட்டும் என்று கையை எடுக்காமல் குனிந்தே இருந்தேன்.