கண்ணாடிக்குள் இடது, சன்னலில் வலது

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என்னுடையது.

மாலை வகுப்பு ஆசிரியை, கண்ணால் கண்டதை மட்டும் வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். பகலில் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் மற்றவர்கள் கண்ணைச் சோதிப்பது என் வேலை. ஆகவே என்னை நம்பலாம். (இந்த வாக்கியத்தைப் பிறகு அடிக்க வேண்டியிருக்கும்.)

முதல் தொடக்கம்: 'வானம் நீலமாக...' நான் வானத்தைப் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.

2

வியாழக்கிழமை காலை ஒரு பேருந்து ஓட்டுநர் பார்வைச் சான்றிதழுக்கு வந்தார். கிடைக்காவிட்டால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

எங்கள் சோதனை அறை நீளம் போதாது. அதனால் போன வாரம் மாமா எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி மாட்டினார். சோதனை அட்டை, வந்தவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கும். அவர் அதைக் கண்ணாடியில் பார்ப்பார். அட்டை முழுக்க வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெட்டு. எந்தப் பக்கம் என்று அவர் சொல்ல, நான் விடைத்தாளைப் பார்த்துக் குறிப்பேன்.

மேல், கீழ் எல்லாம் சரி. இடது, வலது எல்லாம் தவறு.

"தம்பி, முதல் வரியே தப்பா? அது தட்டு அளவுக்கு இருக்கே!"

"தப்புதாண்ணே."

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு நாய் மேலகூட ஏத்தினதில்ல."

[இங்கே 'அவர் கண் கலங்கியது' என்று எழுதி அடித்தேன். அப்போது நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

"அட, சன்னலப் பாருப்பா! தலையில விசிறி வச்ச பறவை!"

"பேச்ச மாத்தாதீங்கண்ணே."

"எவ்ளோ நீள மூக்கு! இடது பக்கம் பாக்குது."

அட்டைக்குப் பக்கத்துச் சன்னலை நோக்கித் திரும்பினேன். வெளி விளிம்பில் நிஜமாகவே ஒரு பறவை. விரிந்த கொண்டை, கறுப்பு வெள்ளைப் பட்டைச் சிறகு. கொண்டலாத்தி என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். இந்தத் தெருவில் காக்கை, புறா தவிர எதையும் நான் கண்டதில்லை.

"வலது பக்கம்ணே பாக்குது."

"இடது."

"வலது!"

"அப்ப எனக்குக் கண்ணு போச்சு, உனக்கு மூளை போச்சு."

அவர் கண்ணாடியில் பார்க்கிறார். நான் நேரே பார்க்கிறேன்.

மெல்லத் தாளைப் பார்த்தேன். கண்ணாடி மாட்டுவதற்கு முந்தைய விடைத்தாள். இடம் வலம் மாற்றி அச்சிட்ட புதியது இழுப்பறையில் பிரிக்காமல் கிடந்தது. தினமும் கடை திறந்ததும் பதினான்கு வேலைகளைப் பட்டியல் பார்த்துச் செய்பவன் நான். விடைத்தாளை மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை.

3

ஓட்டுநர் சான்றிதழோடு போனார். போகும்போது பறவைக்கு ஒரு சல்யூட் வைத்தார். (பறவை அதற்கு முன்பே போய்விட்டது. ஆனாலும் வைத்தார்.)

ஆசிரியை படித்துவிட்டு, "பறவை ரொம்ப வசதியான நேரத்துல வருது. எடுத்துடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். ஓட்டுநர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். திரும்ப வைத்தேன்.

மாமாவும் படித்தார். சிரிக்கவில்லை. "சரிடா, திங்கக்கிழமை கிரேன் ஓட்டுறவரத் தேறலன்னு அனுப்பினியே, அவரு?"

"அவருக்குப் பறவை வரல மாமா."

"அப்ப நீ போ."

4

முடிவு அ: கிரேன்காரர் திட்டுகிறார். முடிவு ஆ: வேறு ஆளைக் கிரேனில் ஏற்றிவிட்டார்கள். முடிவு இ: அவர்...

அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். அழைப்பு மணியை அழுத்தியாயிற்று. உள்ளே செருப்புச் சத்தம் வருகிறது. கதவு திறந்ததும் என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டும். கதவு இன்னும் திறக்கவில்லை.

பறவையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.