தலைவனின் கிடா

விடிந்தும் விடியாத நேரத்தில் யெரியேல் ஒரு பெண்ணாட்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஊரின் தலைவன் அவன். கர்த்தரின் பலிபீடம் இருந்த சீலோவுக்குப் போகும் பெரிய வழியை விட்டு, ஒலிவத் தோப்புக்குப் பின்னால் முள்ளடர்ந்த ஒற்றையடிப் பாதையில் போகத் திட்டம். தெரியாமல் பாவம் செய்த சாதாரண மனிதன் பலிக்குப் பெண்ணாடு கொண்டுபோக வேண்டும். தலைவன் செய்தால் கிடா. அது கட்டளை. சீலோ வழியில் ஊர்த்தலைவன் கிடாவோடு நடந்தால், விஷயம் கழுதை மேய்ப்பவனுக்கும் விளங்கிவிடும்.

வாசலில் அவன் மனைவி சேராள் மறித்துக் கேட்டாள். "பட்டியில இருபது கிடா நிக்குது. எதுக்கு இந்தப் பெண்ணாடு?"

"நீ உன் வேலையைப் பாரு."

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க உங்க வேலையை ஒரு சாயங்காலம் பாக்கல, அதுதான் இவ்வளவுக்கும்."

அவன் கயிற்றை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். அவள் சொன்னது உண்மை.

ஏழாம் மாதத்துப் பிறையைக் குன்றேறிப் பார்த்து ஊருக்குக் கொம்பூதிச் சொல்வது தலைவன் வேலை. அதிலிருந்து பத்தாம் நாள், ஒரு வாய் ரொட்டியும் தொடாமல் ஊரே கர்த்தர் முன் தாழ்ந்து கிடக்கும் பாவநிவிர்த்தி நாள். இந்த வருஷம் பிறை தெரிய வேண்டிய சாயங்காலம் யெரியேல் குன்றேறவில்லை. திராட்சை ஆலையில் புது ரசத்தை ருசி பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலை, மேட்டில் ஆடு மேய்க்கும் விதவை பஸ்மாத் அவனைத் தேடி ஆலைக்கே வந்தாள்.

"ஐயா, நேத்தே பிறை தெரிஞ்சிருச்சுங்க. மேற்கு மேட்டுக்கு மேல, மெல்லிசா."

"உனக்கு அடுப்புப் புகையும் பிறையும் ஒண்ணாத்தான் தெரியும். போயி ஆட்டைப் பாரு."

அப்போது சேராள் மட்டுமே பக்கத்தில் இருந்தாள். அன்று மாலை அவன் குன்றேறினான். பிறை சற்றுத் தடித்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. குடித்த ரசம் நல்ல ரசம், சந்தேகம் நிற்கவில்லை. அன்றுதான் முதல் பிறை என்று கொம்பை எடுத்து ஊதிவிட்டான், ஊர்க்கணக்கு ஒரு நாள் பிந்தியது.

ஆக, உண்மையான பத்தாம் நாளில் ஊரே கறி தின்றது. அறுவடை முடிந்ததென்று அந்த விருந்தைப் போட்டவனும் அவன்தான். மறுநாள் பக்தியாகப் பட்டினி கிடந்தார்கள். அதற்கடுத்த நாள் சீலோவில் ஆசாரியருக்குத் துணைசெய்யும் லேவியன் ஒருவன் வந்து சரியான கணக்கைச் சொன்னதும் ஊர் பதறிப்போனது. 'யாருமே பிறையைப் பாக்கலையா?' என்று கேட்டார்கள்.

"எங்கிட்ட ஒருத்தரும் வந்து சொல்லலையே" என்றான் யெரியேல்.

பஸ்மாத் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள். அவனை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். "மேட்டுலயே கிடக்கிறா, அவ பாத்திருக்கக் கூடாதா" என்று நாலு பேர் அவள் காதுபடவே பேசினார்கள். அதையும் அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

அதே மாதத்தில் வரும் கூடாரப் பண்டிகை முடிந்து மூன்று வாரமாகியும் முன்மழை இல்லை. கலப்பை இறங்காமல் மண் ஓடாய்க் கிடந்தது. வானம் எதனால் அடைபட்டிருக்கிறது என்று யெரியேலுக்குத் தெரியும். தெரிந்தும்தான் இந்தப் பெண்ணாடு.

சீலோவில் ஆசாரியன் மெராயோத் உட்கார்ந்திருந்தான். பலியில் நல்ல துண்டு எது என்று முதலில் பார்க்கிற ஆள் என்று நாடெல்லாம் பேச்சு. விரலில் கொழுப்பு மினுங்க, ஆட்டைத் தடவிப் பார்த்தான்.

"யாருப்பா நீ?"

"ஒரு குடியானவன்யா."

"தலையில கையை வச்சுச் செஞ்சதைச் சொல்லு."

யெரியேல் ஆட்டின் தலையில் கை வைத்தான். "ஏழாம் மாசத்துப் பிறையைத் தப்பா அறிவிச்சேன்."

மெராயோத் நிமிர்ந்தான். "ஊருக்குப் பிறை அறிவிக்கிறவன் குடியானவனா?"

தவளை தன் வாயால் கெட்டது. யெரியேலின் காது இரண்டும் சுட்டன. இனி ஒளிக்க என்ன இருக்கிறதென்று பஸ்மாத் வந்ததையும், வரவில்லை என்று தான் சொன்னதையும் தரையைப் பார்த்தபடியே கொட்டிவிட்டான்.

சொல்லி முடிப்பதற்குள் அவன் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றம் நனைந்தது.

"நான் இன்னும் எதையும் செலுத்தலையே" என்றான் அவன், பயந்துபோய்.

"உன் ஆட்டுக்காகவா வானம் காத்துக்கிட்டுக் கிடந்துச்சு? இது நம்ம முன்னோருக்குக் கொடுத்த வாக்குப்பா. நீயும் நானும் ஒழுங்கா இருந்தாத்தான் மழைன்னா இந்த நாட்டுல ஒரு புல்லு முளைச்சிருக்காது." மெராயோத் விரலைத் துடைத்துக்கொண்டான். "பிறைக்குக் கிடா கொண்டு வா. அந்தப் பொம்பளைக்குச் செஞ்சதுக்கு இங்க ஆடு கிடையாது. அதை உங்க ஊருல, உன் வாயாலதான் தீக்கணும்."

திரும்பும் வழியெல்லாம் மழை. தண்டனை வந்திருந்தால் தாங்கியிருப்பான். கேட்காமலே பெய்யும் இந்த மழையில் அவனால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

ஊர் வாசலில் ஆணும் பெண்ணும் நனைந்துகொண்டு நின்றார்கள். அவனைக் கண்டதும் ஒருவன் ஓடிவந்து காலைத் தொட்டான். "சொல்லாம கொள்ளாம சீலோ போயி மழையைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே தலைவரே."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். சேராளும் பார்த்தாள். சும்மா இருந்தாலே போதும், அந்தப் பெயர் அவனுக்கு ஆயுசுக்கும் நிற்கும்.

"மழை என்னால வரல. நான் இருந்தும் வந்திருக்கு" என்றான். "பஸ்மாத் அன்னைக்கே பிறையைப் பாத்துட்டு எங்கிட்ட வந்து சொன்னா. நான் குன்றேறாம குடிச்சுக்கிட்டிருந்தேன். அவளைக் கேலி பண்ணி அனுப்பிட்டு, யாருமே வரலைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

காலைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டான். கூட்டம் ஓரமாய் நின்ற பஸ்மாத்தைத் திரும்பிப் பார்த்தது.

யெரியேல் பஸ்மாத்தின் முன்னால் போய் நின்றான். "நாளைக்குக் கிடாவைக் கொண்டுபோறேம்மா."

"எந்த வழியா?" என்றாள் அவள்.

அவன் பார்வை ஒலிவத் தோப்புப் பக்கம் போனது.

"பெரிய வழியா போங்க ஐயா. நான் மேட்டுல நின்னு பாக்கிறேன். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."